வேண்டும்போது வெடிக்க வேண்டும்! வேண்டாதபோது...?

புதிய கைத்துப்பாக்கிக்கு நடக்கும் பரீட்சைகள்

தீபாவளி வந்துவிட்டால் வீட்டுப் பிள்ளைகள் பொம்மைத் துப்பாக்கி கேட்பார்கள். சிவப்புக் காகிதச் சுருளில் பொட்டுப் பொட்டாக மருந்து இருக்கும். சுருளை உள்ளே மாட்டி விசையை இழுத்தால் "பட்" என்று வெடிக்கும்.

சில சமயம் இழுத்தாலும் வெடிக்காது. பையன் துப்பாக்கியைத் திருப்பிப் பார்ப்பான். தரையில் ஒரு தட்டுத் தட்டுவான். மறுபடியும் இழுப்பான்.

அது விளையாட்டு. வெடிக்காவிட்டால் ஒரு நஷ்டமும் இல்லை.

நிஜத் துப்பாக்கி அப்படியா?

வேண்டும்போது வெடிக்காத துப்பாக்கி, ஆபத்து நேரத்தில் சொந்தக்காரனைக் கைவிட்டுவிடும். வேண்டாதபோது வெடிக்கும் துப்பாக்கி, சொந்தக்காரன் வீட்டிலேயே பிணம் விழச் செய்துவிடும்.

அமெரிக்காவில் கோடிக்கணக்கான வீடுகளில் துப்பாக்கி இருக்கிறது. அங்கே புதிதாகக் கைத்துப்பாக்கி வாங்குகிறவர்கள் முதல் வேலையாக அதைச் சுடும் கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்க்கிறார்கள். அந்தச் சோதனை எப்படி நடக்கிறது? அதில் தேறுவது யார், தவறுவது யார்?

வாருங்கள், பார்ப்போம்.

ஆளுக்கு எழுத்துப் பரீட்சை

கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு குடும்பத் தலைவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மனைவி உண்டு. 5 வயதில் ஒரு பெண் குழந்தையும் உண்டு. வீட்டுப் பாதுகாப்புக்காக ஒரு சிறிய கைத்துப்பாக்கி வாங்க அவர் ஆசைப்படுகிறார்.

கடைக்குப் போனார், பணம் கொடுத்தார், வாங்கி வந்தார் என்று முடிந்துவிடாது.

முதலில் அவர் ஒரு பரீட்சை எழுத வேண்டும். மொத்தம் 30 கேள்விகள். குறைந்தது 23-க்குச் சரியான விடை எழுத வேண்டும். எல்லாம் துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாள்வது பற்றிய கேள்விகள்.

தேறினால் ஒரு சான்றுச் சீட்டுக் கிடைக்கும். அதைக் காட்டிய பிறகுதான் கடைக்காரர் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வார். வாங்குகிறவர் மீது குற்ற வழக்கு ஏதாவது உண்டா என்று சர்க்கார் விசாரிக்கும்.

அதன் பிறகும் 10 நாள் காத்திருக்க வேண்டும். கோபத்தில் ஓடிவந்து துப்பாக்கி கேட்கிறவனுக்கு, அந்தக் கோபம் ஆற அவகாசம் வேண்டும் அல்லவா?

பதினோராம் நாள் துப்பாக்கியைக் கையில் வாங்கும் முன், தோட்டாவைப் போடுவது எப்படி, எடுப்பது எப்படி என்று அவர் செய்து காட்ட வேண்டும். பூட்டும் வேண்டும். பூட்டு இல்லாமல் துப்பாக்கி கடையை விட்டு வெளியே வராது.

இவ்வளவும் ஆளுக்கு நடந்த பரீட்சை. துப்பாக்கிக்கு?

துப்பாக்கிக்கு 600 கேள்விகள்!

அதற்கும் பரீட்சை உண்டு. 2001-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. புதிய ரகக் கைத்துப்பாக்கி எதையும் கடையில் விற்பதற்கு முன், அந்த ரகத்தில் 3 துப்பாக்கிகளைச் சோதனைச் சாலைக்கு அனுப்ப வேண்டும்.

அங்கே ஒவ்வொரு துப்பாக்கியிலும் 600 தோட்டாக்களைச் சுடுவார்கள். 3 துப்பாக்கிகளுக்கும் சேர்த்து 1,800 தோட்டாக்கள்!

தொடர்ந்து சுட்டால் குழல் சூடேறும். ஆகையால் 50 தோட்டா சுட்டதும் 5 நிமிஷம் முதல் 10 நிமிஷம் வரை ஓய்வு. 100 தோட்டா ஆனதும் துடைத்துச் சுத்தம் செய்வார்கள். தளர்ந்த திருகாணிகளை முடுக்குவார்கள்.

முதல் 20 தோட்டாக்கள் ஒரு தடங்கலும் இல்லாமல் வெடிக்க வேண்டும். தோட்டாவே கெட்டுப் போயிருந்தால் அது துப்பாக்கியின் குற்றம் ஆகாது. மொத்தம் 600-லும் 6 தடங்கலுக்கு மேல் வரக் கூடாது. ஆபத்து உண்டாக்கும்படி எந்தப் பாகமும் வெடிக்கவோ உடையவோ கூடாது.

இது "வேண்டும்போது வெடிக்குமா?" என்ற கேள்விக்குப் பதில்.

கீழே விழுந்தால்?

அடுத்த கேள்விதான் பெரிய கேள்வி. வேண்டாதபோது வெடிக்குமா?

பழைய காலத்தில் இந்த ஆபத்து எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1873-ல் வெளிவந்த கோல்ட் சுழல் துப்பாக்கியில் 6 தோட்டா போடலாம். ஆனால் விவரம் தெரிந்தவர்கள் 5 தோட்டாதான் போடுவார்கள். சுத்தியலுக்கு நேராக உள்ள அறையைக் காலியாக விட்டுவிடுவார்கள்.

ஏன்?

அந்தத் துப்பாக்கி கீழே விழுந்து சுத்தியல் தரையில் இடித்தால், நேராக உள்ள தோட்டா வெடித்துவிடும். யாரும் விசையைத் தொடவே வேண்டாம்!

அதனால்தான் கலிபோர்னியாச் சோதனையில், 600 தோட்டா சுட்டுக் களைத்த அதே துப்பாக்கிகளைக் கீழே போட்டும் பார்க்கிறார்கள். குண்டும் மருந்தும் இல்லாத வெறும் தோட்டாவை உள்ளே வைப்பார்கள். அதன் அடியில் பொம்மைத் துப்பாக்கியின் பொட்டு வெடி போலச் சிறிய பொட்டு மட்டும் இருக்கும்.

1 மீட்டர் 1 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் துப்பாக்கி விழும். நேராக ஒரு தடவை. தலைகீழாக ஒரு தடவை. பிடி கீழே இருக்க ஒரு தடவை. குழல் முனை கீழே இருக்க ஒரு தடவை. பக்கவாட்டில் ஒரு தடவை. பின்பக்கம் படும்படி ஒரு தடவை. ஆக 6 தடவை. ஒரு தடவைகூடப் பொட்டு வெடிக்கக் கூடாது.

அப்பாடா, இனி பயம் இல்லை என்று நினைக்கிறீர்களா? அவசரப்பட வேண்டாம்.

2017-ல் நடந்தது

2017-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அமெரிக்க ராணுவம் தன் படைவீரர்களுக்குப் புதிய கைத்துப்பாக்கி ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. சிக் சாவர் கம்பெனியின் பி-320 என்ற ரகத்தை ஒட்டிச் செய்தது அது. ஒன்று பெரியது; இன்னொன்று சிறியது.

அதே ஆண்டு கோடையில் ஒரு செய்தி பரவியது. கடையில் விற்கும் பி-320 துப்பாக்கி, ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பின்பக்கம் தரையில் படும்படி விழுந்தால் வெடித்துவிடுகிறது என்றார்கள். விழுந்து காட்டும் படங்களும் வெளியாயின.

இந்த ரகம் சட்டம் கேட்கும் சோதனைகள் எல்லாவற்றிலும் தேறியது என்று கம்பெனி சொன்னது. ஆனாலும் ஆகஸ்டு மாதத்தில், ஏற்கெனவே விற்ற துப்பாக்கிகளைத் திருத்தித் தருவதாக அறிவித்தது. எடை குறைந்த விசை ஒன்றை மாட்டிக் கொடுத்தது. வேறு சில பாகங்களையும் மாற்றிக் கொடுத்தது.

விசையின் எடைக்கும் வெடிப்பதற்கும் என்ன சம்பந்தம்? ஓடுகிற பஸ் சட்டென்று நின்றால் நாம் முன்னால் சாய்கிறோம் அல்லவா? அதே கதைதான். துப்பாக்கி தரையில் மோதி நிற்கிறது. கனமான விசை மட்டும் நிற்காமல் பின்னால் நகர்கிறது. யாரோ விரலால் இழுத்தது போலவே ஆகிவிடுகிறது!

6 கோணங்களில் போட்டுப் பார்க்கலாம். ஆனால் துப்பாக்கி கை தவறி விழும்போது எந்தக் கோணத்தில் விழும் என்று யார் சொல்ல முடியும்? ஆகவே எத்தனை முத்திரை வாங்கிய துப்பாக்கி ஆனாலும், அதைக் கையில் எடுக்கிறவர் ஜாக்கிரதையாகத்தான் இருக்க வேண்டும்.

சுடும் கூடத்தில்

இப்போது நம் குடும்பத் தலைவரிடம் வருவோம். அவர் 50 தோட்டா கொண்ட பெட்டிகள் 4 வாங்கிக்கொண்டு சுடும் கூடத்துக்குப் போகிறார். வீட்டில் வைக்கும் துப்பாக்கியை நம்புவதற்கு முன் 200 தோட்டாவாவது சுட்டுப் பார்க்க வேண்டும் என்பது அங்கே பலர் கடைப்பிடிக்கும் வழக்கம்.

சுடும் கூடம் என்பது நீண்ட ஒரு கட்டடம். கனத்த கான்கிரீட் சுவர்கள். ஒரு கோடியில் வரிசையாகச் சிறு தடுப்பு அறைகள். மறு கோடியில் குண்டுகளைத் தாங்கி நிறுத்தும் உருக்குத் தகடுகள். இடையே கம்பியில் இலக்குத் தாள் தொங்கும். பொத்தானை அழுத்தினால் தாள் வேண்டிய தூரம் போய் நிற்கும்.

கண்ணுக்குக் கண்ணாடி போட வேண்டும். காதுக்குக் கவசம் போட வேண்டும். துப்பாக்கிச் சத்தம் சுமார் 160 டெசிபெல். 140 டெசிபெல்லைத் தாண்டும் சத்தம் ஒரே தடவையில் காதைக் கெடுத்துவிடக் கூடியது. வெறுங்காதோடு நின்றால் அப்புறம் மனைவி கூப்பிடுவதுகூடக் கேட்காது!

உள்ளே போனதும் மேற்பார்வையாளர் 4 விதிகளைச் சொல்கிறார். இவற்றை உலகம் முழுவதும் பரப்பியவர் ஜெப் கூப்பர் என்ற முன்னாள் கடற்படைத் தரைவீரர். 1976-ல் அரிசோனா மாநிலத்தில் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளி ஒன்றை ஆரம்பித்தவர் அவர்.

முதல் விதி: எந்தத் துப்பாக்கியையும் தோட்டா போட்ட துப்பாக்கியாகவே நினைக்க வேண்டும். காலி என்று யார் சொன்னாலும் நம்பக் கூடாது.

இரண்டாவது விதி: சுடக் கூடாத எதன் பக்கமும் குழலைத் திருப்பக் கூடாது.

மூன்றாவது விதி: குறி பார்த்து முடிக்கும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும்.

நான்காவது விதி: எதைச் சுடுகிறோம், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இந்த நான்கும் அறிந்தவர் ஒன்றை மறந்தாலும் மற்ற மூன்று காப்பாற்றும். நான்கையும் மறந்தவரை யாராலும் காப்பாற்ற முடியாது.

சிறியது எளியதா?

சிறிய துப்பாக்கிதானே, சுடுவது சுலபமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறு.

ஆஸ்திரியா நாட்டு கிளாக் கம்பெனி 1982-ல் ஒரு துப்பாக்கி செய்தது. அதன் குழல் நீளம் 114 மில்லிமீட்டர். 1988-ல் அதையே சிறிதாக்கி இன்னொன்று செய்தது. அதன் குழல் 102 மில்லிமீட்டர். காலியாக இருக்கும்போது எடை சுமார் 600 கிராம்தான். இப்படிப்பட்ட சின்னத் துப்பாக்கிகள் இன்று பல கம்பெனிகளில் உண்டு.

துப்பாக்கிதான் சிறுத்தது. தோட்டா சிறுக்கவில்லை! இரண்டிலும் அதே 9 மில்லிமீட்டர் தோட்டாதான்.

பெரிய படகிலிருந்து கரைக்குக் குதித்தால் படகு கொஞ்சம்தான் பின்வாங்கும். சிறு தோணியிலிருந்து குதித்தால் தோணி வேகமாகப் பின்னால் ஓடும். அதுபோல, எடை குறைந்த துப்பாக்கி கையை அதிகமாக உதைக்கும்.

இன்னொரு கஷ்டமும் உண்டு. துப்பாக்கியின் முன்னால் ஒரு சிறு முள்ளும், பின்னால் ஒரு பள்ளமும் இருக்கும். பள்ளத்தின் நடுவே முள் தெரியும்படி வைத்துத்தான் குறி பார்க்க வேண்டும். சிறிய துப்பாக்கியில் இரண்டுக்கும் இடையே சுமார் 15 சென்டிமீட்டர்தான் இருக்கும்.

அந்த முள் 1 மில்லிமீட்டர் விலகினால் என்ன ஆகும்? 21 அடி தூரத்தில் குண்டு 4 சென்டிமீட்டர் விலகும். 75 அடி தூரத்தில் 15 சென்டிமீட்டர் விலகும்! நெஞ்சுக்கு வைத்த குறி, தோள் பக்கமாகப் போய்விடும்.

முதல் வெடி

இலக்குத் தாள் 21 அடி தூரத்தில் நிற்கிறது. நம்மவர் தோட்டாக் கூட்டைப் பிடிக்குள் செருகுகிறார். குழலுக்கு மேலே உள்ள இரும்பு மூடியைப் பின்னுக்கு இழுத்து விடுகிறார். கூட்டிலிருந்து ஒரு தோட்டா மேலேறிக் குழலுக்குள் போய் உட்காருகிறது.

விசையை இழுக்கிறார்.

உள்ளே ஓர் ஊசி பாய்ந்து தோட்டாவின் அடிப் பொட்டில் குத்துகிறது. பொட்டு வெடித்து மருந்தைக் கொளுத்துகிறது. மருந்து வாயுவாக மாறிக் குண்டைத் தள்ளுகிறது. சுமார் 7 கிராம் எடையுள்ள குண்டு விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் வேகத்தில் பாய்கிறது.

அதே உதைப்பு மேல்மூடியையும் பின்னால் தள்ளுகிறது. காலித் தோட்டா வெளியே துள்ளி விழுகிறது. மூடி மறுபடி முன்னால் வரும்போது அடுத்த தோட்டாவை உள்ளே தள்ளுகிறது. இத்தனையும் கண் மூடித் திறப்பதற்குள்!

முதல் பெட்டி முடிந்தது. 50 தோட்டாவும் வெடித்தன. நம்மவர் முகத்தில் சந்தோஷம்.

இரண்டாவது பெட்டியில் 17-ஆவது தோட்டாவில் துப்பாக்கி நின்றுவிட்டது.

குற்றவாளி யார்?

காலித் தோட்டா வெளியே விழாமல் மூடியின் இடுக்கில் செங்குத்தாகச் சிக்கி நின்றது. பார்வைக்கு வீட்டுக் கூரையில் புகைபோக்கி நிற்பது போல இருந்தது.

"துப்பாக்கி மோசம். திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன்" என்று நம்மவர் முணுமுணுத்தார்.

"அவசரப்படாதீர்கள். என்னிடம் கொடுங்கள்" என்றார் மேற்பார்வையாளர்.

அவர் சிக்கியதை எடுத்துவிட்டு, மீதியுள்ள 33 தோட்டாக்களையும் வரிசையாகச் சுட்டார். ஒன்றுகூடச் சிக்கவில்லை.

"துப்பாக்கி மேல் தப்பில்லை. உங்கள் மணிக்கட்டைப் பாருங்கள்" என்றார்.

மேல்மூடி முழுத் தூரம் பின்னால் போக வேண்டுமானால், கீழ்ப்பாகம் அசையாமல் நிற்க வேண்டும். கை தளர்ந்தால் முழுத் துப்பாக்கியும் மூடியோடு சேர்ந்து பின்னால் போய்விடும். மூடி பாதி வழியில் நின்றுவிடும். காலித் தோட்டா சிக்கும். சிறிய துப்பாக்கியில் மூடியும் சிறியது. அது போகும் தூரமும் குறைவு. ஆகவே தளர்ந்த கையை அது மன்னிக்காது.

எல்லாத் தடங்கலுக்கும் கைதான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. சில சமயம் தோட்டாக் கூடு கெட்டிருக்கும். அதற்காகவே அனுபவசாலிகள் தங்கள் கூடுகளில் 1, 2 என்று எண் எழுதி வைப்பார்கள். எப்போதும் 2-ஆம் எண் கூட்டில்தான் தடங்கல் என்றால், குற்றவாளி அகப்பட்டுவிட்டான்!

எது காரணம் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் சோதனை. ஒரு குறிப்புப் புத்தகத்தில் எத்தனையாவது தோட்டா, எந்தக் கூடு, என்ன கோளாறு என்று எழுதி வைத்தால் உண்மை தானே வெளிவரும்.

இரண்டு அமைதிகள்

சுடும் கூடத்தில் சத்தத்தைவிட அமைதிக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

விசையை இழுத்தும் தோட்டா வெடிக்கவில்லை. என்ன செய்வது? பொம்மைத் துப்பாக்கிப் பையன் செய்வது போலத் திருப்பிப் பார்க்கலாமா? கூடவே கூடாது!

அபூர்வமாகச் சில தோட்டாக்களில் மருந்து மெதுவாகப் பற்றும். சில விநாடி கழித்து வெடிக்கும். ஆகவே குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு 30 விநாடி காத்திருக்க வேண்டும். பிறகுதான் தோட்டாவை வெளியே எடுக்க வேண்டும்.

இரண்டாவது ஆபத்து இன்னும் கொடியது. "டமார்" என்று கேட்க வேண்டிய இடத்தில் "புஸ்" என்று கேட்கிறது. கையில் உதைப்பும் இல்லை. தோட்டாவில் மருந்து குறைந்துபோயிருக்கலாம். குண்டு வெளியே போகாமல் குழலின் நடுவே அடைத்துக்கொண்டிருக்கலாம்.

அது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால், குழலே வெடித்துச் சிதறும். கைவிரல் போகலாம், கண் போகலாம். "புஸ்" என்று கேட்டால் அன்றைக்குச் சுடுவதை நிறுத்திவிட வேண்டும். குழலைத் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்.

பொய்த் தோட்டா சொன்ன மெய்

இரண்டு பெட்டி முடிந்தது. நம்மவர் பிடியைக் கெட்டியாக்கிக்கொண்டார். மூன்றாவது பெட்டியில் ஒன்றும் சிக்கவில்லை. ஆனால் இலக்குத் தாளைப் பார்த்தால் துளைகள் நடுவில் இல்லை. எல்லாம் இடப்பக்கம் கீழே!

"குறிமுள் கோணலாக இருக்கிறதோ?" என்று கேட்டார்.

மேற்பார்வையாளர் சிரித்தார். தோட்டாக் கூட்டை வாங்கிக்கொண்டு திரும்பி நின்று நிரப்பினார். நல்ல தோட்டாக்களுக்கு நடுவே எங்கோ ஒரு பொய்த் தோட்டாவையும் வைத்தார். அதில் மருந்தும் இல்லை, பொட்டும் இல்லை. எத்தனையாவது இடத்தில் வைத்தார் என்று சுடுகிறவருக்குத் தெரியாது.

டமார். டமார். டமார்.

நாலாவது தடவை "க்ளிக்" என்ற சத்தம்தான் கேட்டது. வெடிக்கவில்லை, உதைக்கவில்லை. ஆனாலும் குழல் முனை சட்டென்று கீழே குனிந்தது!

யார் குனிய வைத்தது? அவர் கைதான். வெடிச் சத்தம் வரப் போகிறது என்ற பயத்தில், அது வருவதற்கு முன்பே அவர் கை துப்பாக்கியைக் கீழே அமுக்கிவிடுகிறது. வலக்கைக்காரர் பயந்து வெடுக்கென்று இழுத்தால் குண்டு பெரும்பாலும் இடப்பக்கம் கீழேதான் போகும்.

இதுவரை ஒவ்வொரு தடவையும் அந்தப் பயம் வெடிச் சத்தத்துக்குள் ஒளிந்திருந்தது. சத்தம் இல்லாத ஒரு தோட்டா அதைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

நம்மவர் ஒரு நிமிஷம் பேசவில்லை. கடையில் நடந்த எழுத்துப் பரீட்சையில் தேறியவர் அவர். இந்தப் பரீட்சையில் தவறிவிட்டார்.

"வெட்கப்பட ஒன்றும் இல்லை. பெரிய பெரிய வீரர்களுக்கும் இது உண்டு. வெடிக்கும் நேரத்தை எதிர்பார்க்காதீர்கள். கிணற்று வாளிக் கயிற்றை இழுப்பது போல ஒரே சீராக இழுங்கள்" என்றார் மேற்பார்வையாளர்.

நாலாவது பெட்டியை அவர் அவசரம் இல்லாமல் சுட்டார். ஒரு தோட்டா, ஒரு மூச்சு. கடைசி 10 துளைகள் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கின.

துப்பாக்கி தேறிவிட்டது. கையும் தேறத் தொடங்கியது.

"அப்பா!"

வீட்டு வாசலில் கார் நின்றதும் 5 வயதுப் பெண் ஓடி வருகிறாள். கட்டிக்கொள்ளக் கையை நீட்டுகிறாள்.

"இரு கண்ணே, அப்பா கை கழுவிவிட்டு வருகிறேன்" என்கிறார் அவர்.

குண்டில் ஈயம் இருக்கிறது. பொட்டு மருந்திலும் ஈயம் உண்டு. சுடும்போது அது தூளாகிக் கையிலும் சட்டையிலும் படியும். பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு ஈயம் அதிகக் கெடுதல். அவர்களுடைய மூளை வளர்ச்சியையே பாதிக்கும். ஆகவே குளிர்ந்த நீரும் சோப்பும் போட்டுக் கை முகம் கழுவ வேண்டும். போட்டிருந்த துணியை மாற்ற வேண்டும். அதைத் தனியாகத் துவைக்க வேண்டும். பிறகுதான் குழந்தையைத் தூக்க வேண்டும்.

இனிக் கடைசிப் பரீட்சை. இதற்கு மேற்பார்வையாளர் கிடையாது. மதிப்பெண் போடுகிறவரும் கிடையாது.

விசையை இழுக்க சுமார் 2½ கிலோ பலம் வேண்டும். சிறு குழந்தையால் முடியாது என்று நினைக்கிறீர்களா? 1995-ல் அமெரிக்க டாக்டர்கள் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். 3, 4 வயதுக் குழந்தைகளிலேயே நாலில் ஒரு குழந்தைக்குப் பெரும்பாலான கைத்துப்பாக்கிகளின் விசையை இழுக்கும் பலம் இருந்தது! 5, 6 வயதில் பத்தில் ஏழு பேருக்கு அந்தப் பலம் இருந்தது.

2020-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 1 வயது முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளின் சாவுக்கு முதல் காரணமாகத் துப்பாக்கி வந்து நின்றது. அதற்கு முன் பல காலம் கார் விபத்துகள்தான் முதலிடத்தில் இருந்தன.

பீரோவின் மேல்தட்டு, தலையணைக்கு அடி, மேஜை அறை என்று பெற்றோர் ஒளித்து வைக்கிறார்கள். பிள்ளைகளுக்குத் தெரியாத ஒளிவிடம் எந்த வீட்டில் உண்டு? வெல்ல டப்பாவை எங்கே வைத்தாலும் கண்டுபிடிக்கிறவர்கள் அவர்கள்!

நம்மவர் துப்பாக்கியிலிருந்து தோட்டாக் கூட்டைக் கழற்றினார். மேல்மூடியை இழுத்துக் குழலுக்குள் தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்தார். விரலாலும் தடவிப் பார்த்தார். கூட்டைக் கழற்றினால் போதும் என்று நினைத்து, குழலுக்குள் இருக்கும் ஒரு தோட்டாவை மறந்து உயிரைப் பறிகொடுத்தவர்கள் உண்டு.

பிறகு குழலைத் துடைத்து எண்ணெய் போட்டார். துப்பாக்கியை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். தோட்டாக்களை வேறு இடத்தில் வைத்துப் பூட்டினார். சாவியைத் தம்மிடமே வைத்துக்கொண்டார்.

மனைவி கேட்டாள்: "எப்படி இருக்கிறது? நல்ல துப்பாக்கிதானா?"

"200 தோட்டா சுட்டோம். ஒரு தடவை சிக்கியது. அதுவும் என் கைத் தவறு" என்றார் அவர்.

அன்று மாலை அவர் பேனாவை எடுத்துக் குறிப்புப் புத்தகத்தில் தேதியைப் போட்டார். 200 தோட்டா, ஒரு தடங்கல், காரணம் மணிக்கட்டு என்று எழுதினார். அடுத்த மாதம் இன்னொரு தடவை சுடும் கூடத்துக்குப் போக வேண்டும் என்றும் எழுதிக்கொண்டார்.

இவ்வளவு பரீட்சையிலும் தேறிய அந்தத் துப்பாக்கி, அந்த வீட்டில் ஒரு நாளும் வெடிக்க வேண்டிய அவசியமே வராமல் போகட்டும். அதைவிடப் பெரிய பாக்கியம் அந்தக் குடும்பத்துக்கு வேறு இல்லை.